மூன்றாம் அடுக்குப் பிள்ளை என்று யாரும் இல்லை

மதிப்புக்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

ஸ்டாஃப் ரூமில் ஒரு மதிய நேரம். ஒரு பையனைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவன் மூணாவது அடுக்குப் பையன், விடுங்க" என்றார் சக ஆசிரியர் ஒருவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பஸ் நம்பர் சொல்வதுபோல இயல்பாகச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பையன் ஒரு கட்டு நோட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். உள்ளே வரலாமா, அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்கிற முகம்.

அன்று சாயங்காலம் அவனுடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருடத்துப் படிவங்கள் இருந்தன. அடுக்கு எண் எல்லாவற்றிலும் ஒழுங்காக எழுதியிருந்தது. 'தரப்படும் உதவி' என்ற இடத்தில் 'தனிக் கவனம்' என்று இரண்டே சொற்கள். 'அடுத்த மறுபார்வை நாள்' என்ற கட்டம் முதல் படிவத்திலிருந்து கடைசிப் படிவம் வரை காலி. அந்தப் படிவங்களில் இரண்டில் என் கையெழுத்தும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மடலை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

படிப்பிலும் நடத்தையிலும் தடுமாறும் பிள்ளைகளுக்கு அடுக்கு அடுக்காக உதவி செய்யும் முறையை உங்களில் பலர் தொடங்கிவிட்டீர்கள், மற்றவர்கள் தொடங்கப் போகிறீர்கள். நான் அதற்கு எதிரி இல்லை. ஒழுங்காக நடந்தால் அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் அடுக்கு என்பது உதவிக்கு வைத்த பெயர். அது எப்போது பிள்ளையின் பெயராக மாறுகிறதோ, அப்போதே முறை செத்துவிடுகிறது. நான் இதில் வேலை பார்த்த வருடங்களில் அந்த மாற்றம் எவ்வளவு சத்தமில்லாமல் நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன்.

அடியில் எல்லோருக்குமான முதல் அடுக்கு, நடுவில் சிலருக்கான இரண்டாம் அடுக்கு, உச்சியில் மிகச் சிலருக்கான மூன்றாம் அடுக்கு என்று பயிற்சி வகுப்புகளில் திரையில் காட்டுகிற அந்த முக்கோணம் பள்ளிக்கூடத்தில் பிறந்ததே இல்லை. பொதுச் சுகாதாரத்திலிருந்து வந்தது. எல்லோருக்கும் தடுப்பூசி, நோய் வரக்கூடியவர்களுக்குக் கூடுதல் கண்காணிப்பு, வந்துவிட்டவர்களுக்குச் சிகிச்சை. ஜெரால்ட் கேப்லன் என்ற மனநல மருத்துவர் 1964இல் இந்த மூன்று நிலைத் தடுப்பை மனநலத்துக்குப் பொருத்தி எழுதினார். 1990களில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதையே மாணவர் நடத்தைக்குப் பொருத்தினார்கள். படிப்புப் பக்கத்தில் கதை வேறு. அங்கே ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று ஏற்க, அறிவுத்திறன் மதிப்பெண்ணுக்கும் படிப்பு மதிப்பெண்ணுக்கும் நடுவே பெரிய இடைவெளி தெரிய வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். அந்த இடைவெளி விரியும்வரை யாரும் கை கொடுக்க மாட்டார்கள். 'தோற்கும்வரை காத்திருப்பது' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அந்த இடைவெளியைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது, நல்ல பயிற்சி கொடுத்துப் பார்த்தபின் பிள்ளை எப்படி முன்னேறுகிறது என்பதையும் கணக்கில் எடுக்கலாம் என்று 2004இல் அமெரிக்கச் சட்டம் மாறியது. ஃபின்லாந்தில் 2011இல் பொது உதவி, தீவிர உதவி, சிறப்பு உதவி என்று மூன்று படிகள் சட்டப்படி நடைமுறைக்கு வந்தன, 2025 வரை இருந்தன.

ஆக, எல்லா வழியிலும் நோக்கம் ஒன்றுதான்: சீக்கிரம் போய்க் கை கொடுப்பது. காய்ச்சலுக்கு மாத்திரை விழுங்கியவரை ஆயுசுக்கும் 'காய்ச்சல்காரர்' என்று யாரும் கூப்பிடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும் கூப்பிடுகிறோம். 'மெல்லக் கற்கும் மாணவர்' என்பதை எடுத்துவிட்டு 'இரண்டாம் அடுக்கு' என்று போட்டால் பலகை மாறியிருக்கிறது, கடை அதேதான்.

முதலில் முதல் அடுக்கைப் பற்றிப் பேச வேண்டும். எல்லோரும் அதைத் தாண்டி ஓடுகிறார்கள். வகுப்புப் பாடம் நன்றாக நடந்தால் ஏறக்குறைய 80 சதவீதப் பிள்ளைகள் அதிலேயே தேறிவிடுவார்கள், நூற்றுக்கு 15 பேருக்குக் கொஞ்சம் கூடுதல் உதவி வேண்டும், 5 பேருக்கு ஆழமான உதவி வேண்டும் என்பது இந்தத் துறையில் சொல்லும் தோராயக் கணக்கு. தோராயம்தான், வேதவாக்கு இல்லை. ஆனால் உங்கள் வகுப்புக் கணக்கு அதிலிருந்து ரொம்பத் தள்ளிப் போனால் கோளாறு பிள்ளைகளிடம் இல்லை என்று அது சொல்லும். ஒரு வருடத் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளையும் வாசிக்கச் சொல்லிச் சோதித்தோம். நாற்பது பேர் வகுப்பில் பத்தொன்பது பேர், அந்த வகுப்புக்கு எதிர்பார்க்கும் கோட்டுக்குக் கீழே. யாரை எந்தக் குழுவில் போடுவது என்று நாங்கள் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது மூத்த ஆசிரியை ஒருவர் சொன்னார்: "பத்தொன்பது பேருக்கு ஒரே வியாதின்னா தண்ணியைத்தான் பாக்கணும்."

தண்ணீரைப் பார்த்தோம். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் கையில் படியும் முன்பே பத்திக்குத் தாவியிருந்தோம். 'கொடி'யும் 'கோடி'யும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றுதான். எழுத்துக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் குறிகளைச் சேர்த்து ஒரே ஒலியாகப் படிக்க வேண்டும் என்பதை யாரும் நின்று நிதானமாகச் சொல்லித் தந்திருக்கவில்லை. தினமும் கால் மணி நேரம், முழு வகுப்புக்கும், ஆறு வாரம் அதையே செய்தோம். அப்புறம் மறுபடி சோதித்தபோது கோட்டுக்குக் கீழே ஏழு பேர். அந்த ஏழு பேருக்குத்தான் சிறு குழு தேவைப்பட்டது. மீதிப் பன்னிரண்டு பேரையும் நாங்கள் பட்டியலில் எழுதி, பெற்றோரைக் கூப்பிட்டு, கவலைப்படுத்தி, ஒரு பெயரையும் ஒட்டி அனுப்பியிருப்போம்.

சரி, இரண்டாம் அடுக்கு. மூன்று முதல் ஐந்து பிள்ளைகள், இருபது முப்பது நிமிடம், வாரத்தில் மூன்று நான்கு நாளாவது, ஒரே ஒரு திறனில் பயிற்சி. இதில் உயிர்நாடியான சொல் 'கூடுதலாக'. அந்தப் பாடம் நடக்கும் நேரத்திலேயே பிள்ளையை எழுப்பிக்கொண்டு போனால் அவன் ஒன்றைப் பெற்று ஒன்றை இழக்கிறான். அமெரிக்கக் கல்வித் துறைக்காக நடந்த ஒரு பெரிய மதிப்பாய்வு 2015இல் வெளியானது. 13 மாநிலங்களில் 146 பள்ளிகளைப் பார்த்தார்கள். தகுதிக் கோட்டுக்கு மிக அருகில் இருந்த முதல் வகுப்புப் பிள்ளைகளில், கூடுதல் வாசிப்புப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு வாசிப்பு மேம்படவில்லை, சற்றுப் பின்னால் போயிருந்தது. 2, 3ஆம் வகுப்புகளில் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. கோட்டுக்கு வெகு கீழே இருந்த பிள்ளைகளைப் பற்றி அந்த ஆய்வு ஒன்றும் சொல்லவில்லை. ஏன் இப்படி ஆனது என்றும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பள்ளிகள் பலவற்றில் குழுப் பயிற்சி, வழக்கமான வாசிப்பு நேரத்துக்குள்ளேயே நடந்தது என்பதும் அதில் இருக்கிறது. எனக்கு அது போதுமான எச்சரிக்கை.

அதேபோல விளையாட்டு பீரியடிலும் கைவைக்காதீர்கள். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு நாள் முழுக்கத் தலைநிமிரக் கிடைக்கும் ஒரே இடம் பல நேரம் மைதானம்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு தரும் உதவியை அவன் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வான். டைம்டேபிள் போடும்போதே எல்லா வகுப்புக்கும் பொதுவாக ஒரு பீரியட் ஒதுக்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். கூடுதல் உதவி வேண்டியவர்கள் அந்த நேரத்தில் குழுவுக்கு, மற்றவர்கள் வேறு வேலைக்கு. எல்லோரும் எங்கேயோ போகிறார்கள், அதனால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. ஒதுக்கியே ஆக வேண்டியது ஆளும் நேரமும்தான். ஆசிரியர் 'முடிந்தபோது' செய்வார் என்று விட்டால் அது முடியாது. ஏன் முடியாது என்று கேட்டு மெமோ கொடுப்பதிலும் அர்த்தமில்லை.

உதவி வேலை செய்கிறதா என்று பார்க்க நாங்கள் பயன்படுத்தியது ரொம்ப எளிய வழி. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோ என்ற பேராசிரியரும் அவர் குழுவும் வளர்த்த முறை. பிள்ளைக்கு முன்னால் ஒரு பத்தி. எனக்கு முன்னால் அதே பத்தியின் இன்னொரு படி, ஒரு பென்சில், ஒரு ஸ்டாப்வாட்ச். ஒரு நிமிடம் அவன் சத்தமாக வாசிப்பான். தவறிய சொல் மேல் நான் ஒரு கோடு. நிமிடம் முடிந்ததும் சரியாக வாசித்த சொற்களை எண்ணி, வரைதாளில் ஒரு புள்ளி. வாரம் ஒரு புள்ளி. தொடங்கிய இடத்திலிருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு சாய்கோடு முன்பே போட்டிருப்போம். தொடர்ந்து நான்கு புள்ளிகள் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தால் பயிற்சியை மாற்ற வேண்டும். கவனியுங்கள், பயிற்சியை. நான்கு புள்ளி கீழே விழுந்ததைப் பார்த்து 'இவனுக்கு ஏறாது' என்று எழுதியவர்களையும் எனக்குத் தெரியும்.

இந்த ஒரு நிமிடச் சோதனைக்கும் கெட்ட பழக்கம் உண்டு. ஸ்டாப்வாட்சைப் பார்த்ததும் பிள்ளைகள் எக்ஸ்பிரஸ் ரயிலாகிவிடுவார்கள். முற்றுப்புள்ளியில்கூட நிற்காமல் ஓடி, முடித்ததும் "எத்தனை டீச்சர்?" என்பார்கள். கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். அதனால் நான் ஸ்டாப்வாட்சைக் கைக்குட்டைக்கு அடியில் வைத்துக்கொண்டேன், கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டேன். புள்ளி என்பது காய்ச்சல் மானி மாதிரி. அதை வைத்து மருத்துவரையே மதிப்பிடத் தொடங்கினால், எல்லோரும் மானியைத்தான் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது நடத்தை. நோட்டுக் கட்டோடு நின்ற அந்தப் பையனுக்கு வருகிறேன்.

அவன் மேல் இருந்த புகார் எல்லாம் கணக்கு பீரியடில். ஸ்கேலைத் தட்டுவான், பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவான், பலகையைப் பார்க்க மாட்டான். அடியாத மாடு படியாது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதனால் அவனும் நிற்க வைக்கப்பட்டான், வெளியே அனுப்பப்பட்டான், பெற்றோரைக் கூட்டிவரச் சொல்லப்பட்டான். ஒன்றும் படியவில்லை. கடைசியில் கணக்கு ஆசிரியர் சாமர்த்தியமாக ஒரு வழி கண்டுபிடித்தார். தொல்லை ஆரம்பித்ததும் அவனிடம் நோட்டுகளைக் கொடுத்து ஸ்டாஃப் ரூமுக்கு அனுப்பிவிடுவார். பொறுப்பு கொடுத்தால் திருந்துவான் என்று அதற்கு ஒரு விளக்கமும் இருந்தது. கோப்பில் இருந்த 'தனிக் கவனம்' அதுதான்.

இரண்டு வாரம் நான் ஒரு வேலை செய்தேன். தொல்லை நடந்த ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் குறிக்கச் சொன்னேன்: சற்று முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்கப்புறம் என்ன நடந்தது. பதினொரு குறிப்புகள் சேர்ந்தன. ஒன்பதில் 'சற்று முன்னால்' என்ற இடத்தில் ஒரே விஷயம். பலகையில் வாக்கியக் கணக்கு எழுதப்பட்டிருந்தது. வெறும் எண்ணாகக் கூட்டல் கழித்தல் வந்தபோது அவன் வாயே திறக்கவில்லை. கணக்கில் அவனுக்குக் குறை இல்லை. "ஒரு கூடையில்" என்று தொடங்கும் வாக்கியத்தை அவனால் வாசிக்க முடியவில்லை. வாசிக்கத் தெரியாதவன் என்று நாற்பது பேர் முன்னால் தெரிவதைவிடச் சேட்டைக்காரன் என்று பெயர் எடுப்பது அவனுக்கு மலிவு. மூன்றாவது கட்டத்தில் எல்லா முறையும் 'வெளியே அனுப்பினேன்' என்று இருந்தது. அதாவது ஒவ்வொரு முறையும் அவன் கேட்டதை நாம் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

இதனால்தான் படிப்புக்கு ஒரு குழு, ஒழுக்கத்துக்கு ஒரு குழு என்று தனித்தனியாக வைக்காதீர்கள் என்று கேட்கிறேன். எங்கள் பள்ளியில் அப்படித்தான் இருந்தது. ஒழுக்கக் குழுவுக்கு அவன் வாசிப்புக் கணக்கு தெரியாது. வாசிப்புக்காரியான எனக்கு அவன் ஏன் தினமும் ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்கிறான் என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் முதல் வாரமே பிடிபட்டிருக்கும்.

நடத்தைக்கு இரண்டாம் அடுக்கில் பரவலாகச் செய்யப்படும் ஒன்று, காலை மாலைச் சந்திப்பு. காலையில் வந்ததும் பிள்ளை தனக்குப் பிடித்த ஒரு பெரியவரைப் பார்த்து ஒரு கார்டு வாங்கிக்கொள்வான். ஒவ்வொரு பீரியட் முடிவிலும் அந்தந்த ஆசிரியர் 0, 1, 2 என்று ஒரு எண் போட்டு ஒரு வார்த்தை பேசுவார். சாயங்காலம் அதே பெரியவரிடம் போய்க் கூட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோவான். பெரியவர்களின் கவனத்துக்காக ஏங்கி வம்பு செய்யும் பிள்ளைக்கு இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் வம்பில்லாமலே கவனம் கிடைத்துவிடுகிறது. பாடத்திலிருந்து தப்பிக்க வம்பு செய்கிறவனுக்கு அதே அளவு உதவாது. எங்கள் பையனுக்கு முதலில் கார்டுதான் கொடுத்தார்கள், அதைக் கணக்கு பீரியடிலேயே கிழித்துப் போட்டான். பார்த்தவர்கள் திமிர் என்றார்கள். கார்டு கெட்டது இல்லை, அவனுக்கு அது மருந்து இல்லை, அவ்வளவுதான். ஏன் செய்கிறான் என்று தெரியாமல் என்ன செய்யலாம் என்று முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

ஒரு விஷயம் மட்டும் இடையில். ஸ்கேல் தட்டுகிறவன் எப்படியும் நம் கண்ணில் படுவான். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல், வயிற்று வலி என்று அடிக்கடி வீட்டுக்குப் போகும் பிள்ளை படமாட்டாள். 'தங்கமான பிள்ளை' என்று அறிக்கையில் எழுதி அனுப்பிவிடுவோம். யாருக்கு உதவி வேண்டும் என்று ஆசிரியர்களிடம் பட்டியல் கேட்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: வகுப்பைக் கலைப்பவர்கள் யார், வகுப்பில் காணாமல் போகிறவர்கள் யார்.

அப்புறம் பெற்றோர் விஷயம். தங்கள் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்குமோ என்று சந்தேகப்பட்டு முழு மதிப்பீடு கேட்டு வரும் பெற்றோரிடம், "முதலில் இரண்டாம் அடுக்கு முடியட்டும், பிறகு மூன்றாவது, அதற்கப்புறம் பார்ப்போம்" என்று சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. தோற்கும்வரை காத்திருப்பதை ஒழிக்க வந்த முறையையே காத்திருப்பு அறையாக்கிவிட்டோம். இது எங்கும் நடக்கும் தவறுதான். அமெரிக்கக் கல்வித் துறையே 2011 ஜனவரியில், இந்தப் படிநிலைகளைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுத வேண்டியிருந்தது. குழுப் பயிற்சி நடக்கிற அதே வாரங்களில் மதிப்பீடும் நடக்கலாம். ஒன்று முடிந்தால்தான் மற்றொன்று என்பது பெரும்பாலும் நாமே போட்டுக்கொண்ட விதி.

படிவங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் நிரப்பியதில் மிக நீளமானது ஏழு பக்கம். அதில் ஆறு பக்கம் பிள்ளைக்கு என்ன வரவில்லை என்பது. அவ்வளவும் வேண்டாம். ஒரு பக்கம் போதும்: எந்தத் திறனில் உதவி, யார், எந்த நாள், எந்த நேரம் செய்வார், எந்தத் தேதியில் உட்கார்ந்து பார்ப்போம். எட்டு வாரமோ பத்து வாரமோ, அந்தத் தேதியில் தொடரலாம், மாற்றலாம், நிறுத்தலாம். எதுவானாலும் அன்றைக்கு ஒரு முடிவு. அடுக்கு எண்ணை எழுதியே ஆக வேண்டும் என்றால் அந்த உதவிக்குப் பக்கத்தில் எழுதுங்கள், பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் வேண்டாம்.

அந்தப் பையனுக்கு வாசிப்புக் குழுவில் இடம் கிடைத்தது. கணக்கு ஆசிரியர் வாக்கியக் கணக்குகளை முந்தின நாளே என்னிடம் கொடுத்துவிடுவார், அவன் குழுவில் ஒரு தடவை வாசித்துவிட்டு வகுப்புக்குப் போவான். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. முதல் வாரம் நிமிடத்துக்கு 23 சொல், பத்தாவது வாரம் 41. வகுப்புக்கு இணையாக வர இன்னும் தூரம் இருந்தது. மறுபார்வை நாளில் உட்கார்ந்து, தொடர்வது என்று முடிவு செய்து, அடுத்த தேதியை எழுதினோம். ஸ்டாஃப் ரூமுக்கு நோட்டுக் கட்டை வேறொரு பிள்ளை கொண்டுவரத் தொடங்கினாள்.

நாளைக் காலை உங்கள் அலமாரியிலிருந்து ஏதாவது ஒரு பிள்ளையின் கோப்பை எடுத்து, மறுபார்வை நாள் என்ற கட்டத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் உடனே ஒரு தேதியைப் போட்டு மூடிவிடாதீர்கள். முதலில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
சிறு மேசையில் உட்கார்ந்து வாசிப்புச் சொல்லித் தந்த ஓர் ஆசிரியை